மார்ச்சில் மார்க் போட்டேன், நாலும் தப்பு: என்.எஃப்.எல். ஆள் சேர்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீங்கள் சொல்லும் ஃபுட்பால் எது?

முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோள் கவசம் உள்ள ஃபுட்பால். அமெரிக்காவின் என்.எஃப்.எல்., மொத்தம் 32 அணிகள். மெஸ்ஸியைத் தேடி வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் நியூஜெர்சியில் குடியிருக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகன். கீழே எங்கெல்லாம் எரிச்சல் தெரிகிறதோ அங்கெல்லாம் காரணம் அதுதான்.

புதுசாக யார் எங்கே போனார்கள் என்று ஊரே பேசும்போது நீங்கள் எதற்கு 2024 மார்ச்சையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

ஒரு ஆளை எடுத்த அன்று மாலையே 'ஏ பிளஸ்', 'சி மைனஸ்' என்று மார்க் போடுகிறார்கள். பரீட்சையே எழுதாத பையனுக்கு மார்க். நானும் போட்டேன், அந்த உரிமையில்தான் பேசுகிறேன். 2024 மார்ச்சில் நான் சொன்னது இது: சாக்வான் பார்க்லியை விட்டது ஜயன்ட்ஸ் செய்த சரியான காரியம், அந்த வருடத்தின் சிறந்த வரவு பிரைஸ் ஹஃப், கர்க் கசின்ஸ் அட்லாண்டாவைக் கரை சேர்த்துவிடுவார். ஸாக் பான் என்ற பெயரைப் பட்டியலில் பார்த்தேன், இவர் யாரோ என்று தாண்டிப் போய்விட்டேன். நாலும் தப்பு. பூவா தலையா போட்டிருந்தால்கூட குறைந்தது இரண்டு தேறியிருக்கும்.

அந்த சீசன் முழுசாக ஆடி முடிந்தது. 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் 40-22 என்று கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை அடித்துக் கோப்பையைத் தூக்கியது. அதனால் அந்த மார்ச்சுக்கு மட்டும் தைரியமாகக் கணக்குப் பார்க்கலாம்.

இது ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. இங்கே மேடையும் கிடையாது, சுத்தியலும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்குப் போவது என்பது அவர் இஷ்டம், பேசுவதெல்லாம் அவருடைய ஏஜென்ட். 2024இல் மார்ச் 11 மதியம் 12 மணிக்குப் பேச்சைத் தொடங்கலாம், 13ஆம் தேதி மாலை 4 மணிக்குக் கையெழுத்துப் போடலாம். ஆனால் 12 அடித்துக் கொஞ்ச நேரத்திலேயே 'முடிந்தது' என்று செய்தி வரும், அப்படியானால் பேச்சு எப்போது நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன ஆகும் என்பது கசின்ஸ் பகுதியில் வருகிறது.

எல்லா அணிக்கும் செலவுக்கு ஒரே உச்சவரம்பு, அதுதான் சாலரி கேப். 2024இல் அது 255.4 மில்லியன் டாலர், முந்தின வருடத்தைவிட 30.6 மில்லியன் அதிகம். போனஸ் வந்த மறுநாள் தி.நகர் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அந்த வாரம். டிரேட் என்பது வேறு கதை. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆளை இன்னொரு அணிக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்குப் பெரும்பாலும் டிராஃப்டில் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வாங்கிக்கொள்வது. டிராஃப்டில் ஏழு சுற்று. முதல் சுற்று வாய்ப்பு தங்கம், ஏழாவது சுற்று வாய்ப்பு சில்லறை.

நாலு வருடம், 180 மில்லியன் என்கிறார்களே, அவ்வளவும் கைக்கு வருமா?

வராது. செய்தியில் வரும் பெரிய தொகை கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடும் பட்டம் மாதிரி. பார்க்க வேண்டியது கியாரண்டித் தொகை. கசின்ஸின் 180 மில்லியனில் கியாரண்டி 100. அதைப் பிரித்தால் சைனிங் போனஸ் 50, முதல் வருடச் சம்பளம் 12.5, இரண்டாம் வருடத்துக்கு 27.5, பிறகு ஒரு 10. மீதி 80 மில்லியன் 'பார்க்கலாம்' வகை. நடுவில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் அந்தப் பணம் காற்றோடு போச்சு.

அப்புறம் கணக்குப் புத்தகத்தில் ஒரு வித்தை இருக்கிறது. போனஸை இன்றைக்கே ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, கேப் கணக்கில் ஐந்து வருடம் வரை பரப்பி எழுதலாம். எழுதி முடிப்பதற்குள் ஆளை அனுப்பினால் எழுதாமல் விட்டதெல்லாம் தலையில் விழும். அதற்கு டெட் மணி என்று பெயர். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். டென்வர் பிராங்கோஸ் ரசல் வில்சனை அனுப்பியபோது அப்படி விழுந்தது இரண்டு வருடத்தில் 85 மில்லியன்.

சரி, பார்க்லி விஷயத்துக்கு வாருங்கள்.

வருகிறேன். வந்துதானே ஆக வேண்டும்.

பார்க்லி ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர். 2018 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக ஜயன்ட்ஸ் எடுத்தது. 2023இல் அவருக்கு நீண்ட ஒப்பந்தம் தராமல் ஃபிரான்சைஸ் டேக் போட்டார்கள், ஒரு வருடச் சம்பளத்துக்கு ஆளைக் கட்டிப்போடும் ஏற்பாடு அது. அதே நாளில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், டேனியல் ஜோன்ஸுக்கு நாலு வருடம் 160 மில்லியன். இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 2023 மார்ச் 7.

2024இல் டேக் கூடப் போடவில்லை, போய் விலை கேட்டுப் பாருங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஈகிள்ஸ் மூன்று வருடம், 37.75 மில்லியன், அதில் 26 கியாரண்டி என்று கூட்டிக்கொண்டு போனது. எங்கள் பிரிவிலேயே இருக்கும் பரம எதிரி, காரில் இரண்டு மணி நேரம். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தக் கோடையில் ஜயன்ட்ஸ் அலுவலகத்துக்குள் கேமராவை விட்டு எடுத்த எச்.பி.ஓ. தொடர் ஒன்று வந்தது. அதில் உரிமையாளர் ஜான் மாரா, சாக்வான் ஃபிலடெல்பியா போனால் தூக்கம் வருவது கஷ்டம் என்று பொது மேலாளர் ஜோ ஷேனிடம் சொல்வது அப்படியே பதிவாகியிருக்கிறது. எதிர் வீட்டு அண்ணன் ஈகிள்ஸ் ஆள், தெற்கு ஜெர்சியிலிருந்து குடி வந்தவர். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் குப்பைத்தொட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டே "என்ன தம்பி, நேத்து தூக்கம் வந்துச்சா?" என்பார்.

அக்டோபர் 20, மெட்லைஃப் மைதானம். பார்க்லி முதல்முறையாக எதிரணிச் சட்டையில் வருகிறார். நான் மேல் அடுக்கில் இருந்தேன். பந்தைத் தொடும்போதெல்லாம் எண்பதாயிரம் பேர் 'பூ' என்று ஊளையிட்டோம். பக்கத்து இருக்கைக்காரர் அவருடைய பழைய சட்டையின் முதுகில் பெயருக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். 17 ஓட்டம், 176 யார்ட், பந்தோடு கோல் கோட்டைத் தாண்டிய ஒரு டச்டவுன், 28-3 என்று ஈகிள்ஸ் ஜெயித்தது. கடைசிக் கால் மணியில் அவர் ஆடவே இல்லை, தேவைப்படவில்லை. மூன்றாவது கால் மணி முடிவதற்குள் ஊளை நின்றுவிட்டது. பாதிப் பேர் பார்க்கிங் நெரிசலுக்கு பயந்து கிளம்பிவிட்டார்கள், மீதிப் பேர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சீசன் முடிவில் 2,005 யார்ட். பிளே ஆஃப் ஆட்டங்களையும் சேர்த்தால் 2,504, அதுவரை யாரும் ஒரே சீசனில் அவ்வளவு ஓடியதில்லை. எரிக் டிக்கர்சன் 1984இல் வைத்த 2,105 சாதனையைத் தாண்ட இன்னும் 101 போதும், ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது, எதிரணி யார் தெரியுமா, ஜயன்ட்ஸ். பயிற்சியாளர் அவரை உட்கார வைத்து ஓய்வு கொடுத்தார். அந்தக் கருணைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அப்படியானால் ஜயன்ட்ஸ் செய்தது முட்டாள்தனம்தானே?

இங்கேதான் எனக்கும் மற்ற ஜயன்ட்ஸ் ரசிகர்களுக்கும் சண்டை. 2023இல் எங்களிடம் அவர் 247 முறை ஓடி 962 யார்ட், ஓட்டத்துக்கு 3.9. அடுத்த வருடம் அங்கே 345 முறை ஓடி 2,005, ஓட்டத்துக்கு 5.8. ஒரே ஆள், அதே கால், வயது மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. அப்படியென்றால் எது மாறியது?

முன்னால் நின்று எதிராளியைத் தள்ளி வழிவிடும் ஐந்து பேர் மாறினார்கள். ஈகிள்ஸின் ஆஃபென்சிவ் லைனில் இடது ஓரத்தில் ஜோர்டன் மைலாட்டா, ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிய ஆறடி எட்டங்குல மலை. வலது ஓரத்தில் லேன் ஜான்சன். ஜயன்ட்ஸில் பார்க்லி பந்தை வாங்கிய இடத்திலேயே எதிராளி நின்றுகொண்டிருப்பான், முதல் ஆளை ஏமாற்றியாக வேண்டும், இரண்டாவது ஆளையும் ஏமாற்றியாக வேண்டும், அப்புறம்தான் ஓட்டம். இங்கே முதல் ஆளைச் சந்திக்கும்போதே அஞ்சு கெஜம் தாண்டியிருப்பார்.

ரன்னிங் பேக்குக்குப் பணம் கொட்டாதே, லைனுக்குக் கொட்டு என்று ஜயன்ட்ஸ் பக்கம் சொன்ன தத்துவம் தப்பில்லை. தத்துவத்தைச் சொல்லிவிட்டு லைனைக் கட்டாமல் விட்டதுதான் தப்பு. ஓடுகிறவர் கையில் பந்தைக் கொடுப்பதற்கா குவார்ட்டர்பேக்குக்கு வருடம் 40 மில்லியன் கொடுக்கிறோம் என்பது அந்தத் தொடரில் ஷேன் சொன்ன வாதத்தின் சாரம். அந்த 40 மில்லியன் குவார்ட்டர்பேக்கை 2024 நவம்பரில் வெளியே அனுப்பினார்கள். அந்த சீசனில் 3 வெற்றி, 14 தோல்வி. அதனால்தான் மார்ச் 7ஐ ஞாபகம் வைக்கச் சொன்னேன். ஜயன்ட்ஸ் தோற்றது பார்க்லி போன அன்றைக்கு இல்லை, ஜோன்ஸ் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு.

எதிர் வீட்டு அண்ணன் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "பழத்தைப் பறிகொடுத்துட்டு மரம் சரியில்லைன்னு சொல்றியே தம்பி" என்பார். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஈகிள்ஸ் கோப்பை வாங்கியதே பார்க்லியால்தானா?

இறுதி ஆட்டத்தில் அவர் 25 முறை ஓடி எடுத்தது 57 யார்ட்தான். சீஃப்ஸ் அவரைப் பிடிப்பதற்கென்றே வந்திருந்தது, பிடித்தும் விட்டது, ஆனாலும் 18 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அங்கேதான் நான் தாண்டிப் போன பெயர் வருகிறது.

ஸாக் பான் நாலு வருடம் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் இருந்தவர். பெரும்பாலும் கிக் அடிக்கும்போது ஓடிப்போய்ப் பிடிக்கும் ஸ்பெஷல் டீம்ஸ் வேலை. குவார்ட்டர்பேக்கை விரட்டும் ஓரத்து ஆள் என்று எடுத்தார்கள், அது ஒட்டவில்லை. ஈகிள்ஸ் ஒரு வருடத்துக்கு 3.5 மில்லியனுக்கு எடுத்தது, இந்த உலகத்தில் அது டீ செலவு. புதுசாக வந்திருந்த டிஃபென்ஸ் பயிற்சியாளர் விக் ஃபேன்ஜியோ அவரை ஓரத்திலிருந்து எடுத்து நடுவில் நிறுத்தினார். அவ்வளவுதான், செய்ததே அதுதான். பந்தோடு வந்தவர்களைப் பிடித்து வீழ்த்திய 151 டேக்கிள், சீசனின் சிறந்தவர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவில் முதல் அணி, இறுதி ஆட்டத்தில் சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் எறிந்த பந்தை விழுந்து பிடித்த இன்டர்செப்ஷன். அந்த ஆட்டம் நடந்தது செயின்ட்ஸின் சொந்த மைதானத்தில். நாலு வருடம் ஓரத்தில் உட்கார வைத்த வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அடுத்த மாதம் மூன்று வருடத்துக்கு 51 மில்லியன்.

மெகாய் பெக்டன் கதையும் இதேதான். 2020இல் நியூயார்க் ஜெட்ஸ் முதல் சுற்றில் எடுத்த பிரம்மாண்டமான லைன் ஆள், காயம், எடை என்று தேறாமல் போனவர். ஈகிள்ஸ் 2.75 மில்லியனுக்குக் கூட்டி வந்து, ஓரத்தில் ஆடியவரை ஒரு படி உள்ளே தள்ளி கார்டாக நிறுத்தியது. பார்க்லி ஓடிய பாதையில் பெரிய ஓட்டை போட்டவர்களில் இவரும் ஒருவர்.

ஈகிள்ஸ் தொட்டதெல்லாம் பொன்னா?

எங்கே. பிரைஸ் ஹஃப், நான் 'ஏ பிளஸ்' போட்ட மகான். ஜெட்ஸில் 2023இல் 10 சாக் எடுத்தவர், சாக் என்றால் குவார்ட்டர்பேக் எறிவதற்குள் அவரைக் கீழே சாய்ப்பது. மூன்று வருடம், 51.1 மில்லியன். அந்த சீசனில் எடுத்தது 2.5 சாக். இறுதி ஆட்டத்தில் ஆடும் பட்டியலிலேயே இல்லை, அடுத்த கோடையில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு டிரேட். ஜெட்ஸ் அவரை எதிராளி எறிவான் என்று தெரியும் சமயங்களில் மட்டும் இறக்கிவிட்டது, அதற்கு அவர் கில்லாடி. அந்த வேலைக்கு ஆன மதிப்பைப் பார்த்து முழுநேர வேலைக்கான சம்பளத்தை ஈகிள்ஸ் கொடுத்தது.

இதிலே ஒரு கூத்து. ஹஃப் போன ஓட்டையை அடைக்க ஜெட்ஸ் யாரை வாங்கியது? ஈகிள்ஸிலிருந்தே ஹாசன் ரெடிக்கை. இரண்டு வருடத்தில் 27 சாக் எடுத்தவர். வந்தவர் புது ஒப்பந்தம் கொடுத்தால்தான் ஆடுவேன் என்று ஏழு ஆட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் வந்து பத்து ஆட்டத்தில் ஒரே ஒரு சாக். சம்பள விஷயத்தைப் பேசி முடிக்காமல் டிரேட் செய்யக் கூடாது என்பது கத்தரிக்காய் வாங்குகிறவருக்கும் தெரியும். இரண்டு அணியும் ஆள் மாற்றிக்கொண்டு இரண்டு பேருமே நட்டம், இது அபூர்வம்.

கசின்ஸ் ஒப்பந்தம் அந்த வருடத்தின் மோசமான முடிவா?

மோசம்தான், ஆனால் எல்லாரும் சொல்லும் காரணத்துக்காக இல்லை. குவார்ட்டர்பேக்கான கசின்ஸுக்கு 2023 அக்டோபரில் குதிகால் தசைநார், அகிலிஸ், அறுந்தது. 35 வயதில். அந்தக் காலோடு அட்லாண்டா ஃபால்கன்ஸ் 180 மில்லியனுக்கு எடுத்தது. அட்லாண்டாவில் நல்ல ஓட்டக்காரர், நல்ல பிடிப்பாளர்கள், லைனும் திடம், குவார்ட்டர்பேக் மட்டும்தான் இல்லை, அதனால் எனக்கு அது ஞாயமாகவே பட்டது.

ஆறு வாரம் கழித்து ஏப்ரல் 25 டிராஃப்ட். எட்டாவது ஆளாக ஃபால்கன்ஸ் எடுத்தது மைக்கேல் பெனிக்ஸ், இன்னொரு குவார்ட்டர்பேக். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஃபோனைக் காட்டியபோது தவறுதலாக யாரோ போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கசின்ஸ் நல்லவரா, பெனிக்ஸ் நல்லவரா என்பது விவாதமே இல்லை. ஒரு உறையில் இரண்டு கத்தி. 'இப்போதே ஜெயிக்க வேண்டும்' என்றால் அந்த எட்டாவது இடத்தில் எதிராளியை விரட்டும் ஒரு ஆளை எடுத்திருக்க வேண்டும், 'நாளைக்கு வளர்க்க வேண்டும்' என்றால் 100 மில்லியன் கியாரண்டி எதற்கு?

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் ஃபிலடெல்பியாவில் திங்கள் இரவு ஆட்டம். கைக்கு நேராக வந்த பந்தைப் பார்க்லி நழுவவிட்டார், பிடித்திருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். கடைசி ஒன்றரை நிமிடத்தில் கசின்ஸ் மைதானம் முழுக்கப் பந்தைக் கொண்டு போய் 34 வினாடி பாக்கி இருக்கும்போது டச்டவுன், 22-21. அன்றிரவு மட்டும் நான் போட்ட மார்க் எல்லாம் சரி. எதிர் வீட்டு விளக்கு சீக்கிரமே அணைந்தது. அடுத்த மாதம் டாம்பாவோடு 509 யார்ட் எறிந்தார். அதற்குப் பிறகு பந்தில் உயிர் இல்லை, ஊன்றுகிற காலில் நம்பிக்கை இல்லை என்பது டிவியிலேயே தெரிந்தது. 18 டச்டவுன், 16 இன்டர்செப்ஷன். டிசம்பரில் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு பெனிக்ஸை இறக்கினார்கள்.

பேச்சு எப்போது நடந்தது என்ற கேள்வி இருந்ததே. அறிமுகப் பத்திரிகையாளர் சந்திப்பில் கசின்ஸ் தன் வாயாலேயே, கையெழுத்துக்கு முன்பே அணியில் காயங்களைக் கவனிக்கும் ஆளோடு பேசியதைச் சொல்லிவிட்டார். அப்போதைய விதிப்படி அந்த இரண்டு நாளில் ஏஜென்டோடு மட்டும்தான் பேச முடியும். 2025 டிராஃப்டில் ஐந்தாவது சுற்று வாய்ப்பு போச்சு, இரண்டரை லட்சம் டாலர் அபராதம். இதை எல்லா அணியும் செய்கிறது என்பதுதான் என் அபிப்பிராயம், மைக் முன்னால் நன்றி சொல்லும் நல்ல மனசு எல்லாருக்கும் இருப்பதில்லை.

முப்பது வயது ரன்னிங் பேக்கை எடுக்கலாமா?

எடுக்கலாம், வீடு சரியாக இருந்தால். டெரிக் ஹென்றி, டென்னசி வேண்டாம் என்று விட்டது, பால்டிமோர் ரேவன்ஸ் இரண்டு வருடம் 16 மில்லியனுக்கு எடுத்தது. 1,921 யார்ட், 16 டச்டவுன். ஜனவரி 2024இல் கன்சாஸ் சிட்டியோடு ஆடிய அரையிறுதியில் ரேவன்ஸின் ரன்னிங் பேக்குகள் மொத்தமே ஆறு முறைதான் ஓடினார்கள், அந்த வயிற்றெரிச்சலில் எடுத்த ஆள் இவர் என்பது என் ஊகம். பக்கத்தில் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் இருக்கும்போது எதிரணி யாரைப் பிடிப்பது? அவரைப் பார்த்தால் இவர் ஓடுவார். செப்டம்பர் 29 பஃபலோவோடு ரேவன்ஸின் முதல் ஓட்டத்திலேயே 87 யார்ட். மேட்டு நிலத்தில் பிரேக் விட்ட லாரி.

கிரீன் பே ரன்னிங் பேக் ஏரன் ஜோன்ஸை அனுப்பிவிட்டு ஜோஷ் ஜேக்கப்ஸை எடுத்தது சரியா?

சரி. ஜேக்கப்ஸ் 1,329 யார்ட், ஜோன்ஸ் மினசோட்டாவில் 1,138. இரண்டு வீடும் நிம்மதி. அதே கிரீன் பே ஜயன்ட்ஸிடமிருந்து கடைசித் தடுப்பாக நிற்கும் சேஃப்டி சேவியர் மெக்கின்னியையும் கூட்டிக்கொண்டு போனது, எட்டு இன்டர்செப்ஷன், ஆல்-ப்ரோ. அந்த மார்ச்சில் எங்கள் வீட்டிலிருந்து போனவர்களுக்கு மட்டும் எப்படித்தான் நல்ல காலம் பிறந்ததோ.

சாம் டார்னால்ட் அதிர்ஷ்டமா, திறமையா?

ஜெட்ஸ் 2018இல் பார்க்லிக்கு அடுத்து மூன்றாவதாக எடுத்த குவார்ட்டர்பேக் பையன். ஜெட்ஸில் தேறவில்லை, கரோலினாவில் தேறவில்லை, சான் ஃபிரான்சிஸ்கோவில் இரண்டாம் ஆள். மினசோட்டா 10 மில்லியனுக்கு ஒரு வருடம் எடுத்தது, அதுவும் புதுப் பையன் மெக்கார்த்தி தயாராகும்வரை இடத்தைப் பிடித்து வைக்கத்தான். ஆகஸ்டில் மெக்கார்த்தியின் முழங்கால் போனது. டார்னால்ட் 35 டச்டவுன் எறிந்து 14 ஆட்டம் ஜெயித்தார். கடைசி இரண்டு பெரிய ஆட்டத்தில் டெட்ராய்ட்டிடம் 31-9, ராம்ஸிடம் 27-9 என்று சுருண்டதும் 'பார்த்தாயா, பழைய டார்னால்ட்' என்றார்கள். ராம்ஸ் ஆட்டத்தில் எதிராளி ஓயாமல் மேலே விழுந்துகொண்டே இருந்தான், லைன் கிழிந்துபோன நாளில் எவர் எறிந்தாலும் அப்படித்தான். மினசோட்டா விட்டுவிட்டது, சியாட்டில் மூன்று வருடம் 100.5 மில்லியன் கொடுத்தது. என்னைக் கேட்டால் கொடுக்கலாம். இந்த முறை மார்க் போட மாட்டேன்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ரசல் வில்சன், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் என்று இரண்டு குவார்ட்டர்பேக்கைச் சேர்த்து எடுத்ததே?

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. வில்சனுக்கு ஸ்டீலர்ஸ் கொடுத்தது 1.21 மில்லியன், மீதி 37.79 மில்லியனை அவரை விரட்டிய டென்வரே கட்டியது. ஃபீல்ட்ஸுக்கு விலை ஒரு ஆறாவது சுற்று வாய்ப்பு. 10 வெற்றி, 7 தோல்வி, முதல் பிளே ஆஃப் ஆட்டத்திலேயே வெளியே. செலவுக்கு அது மோசமில்லை. இதில் ஆச்சரியப்படுத்தியது டென்வர்தான். அவ்வளவு டெட் மணியைத் தலையில் சுமந்துகொண்டு, புதுப் பையன் போ நிக்ஸை வைத்து அதே 10-7, ஒன்பது வருடம் கழித்து பிளே ஆஃப். தப்பை ஒத்துக்கொள்வதற்கு ஒரு விலை உண்டு, அதை ஒரே மூச்சில் கட்டிவிட்டால் வீடு நிமிர்ந்துவிடுகிறது. டேனியல் ஜோன்ஸ் விஷயத்தில் எங்களுக்கு அந்த தைரியம் ஒன்றரை வருடம் லேட்டாக வந்தது. வந்தபிறகு 2025இல் அந்த வில்சனையே ஜயன்ட்ஸ் கூட்டி வந்தது, அதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை.

ஸ்டீஃபன் டிக்ஸை விற்ற பஃபலோ?

விற்ற அன்று ஊரே சிரித்தது. நட்சத்திரப் பிடிப்பாளரைக் கொடுத்துவிட்டு, 31 மில்லியன் டெட் மணியையும் ஏற்றுக்கொண்டு, வாங்கியது ஒரு இரண்டாவது சுற்று வாய்ப்பு. டிக்ஸ் ஹூஸ்டனில் எட்டாவது ஆட்டத்தில் முழங்கால் கிழிந்து சீசன் முடிந்தது, அதை யாரும் கணித்திருக்க முடியாது, அதற்கு பஃபலோவைப் பாராட்டவும் கூடாது. பாராட்ட வேண்டியது வேறு. ஒரே ஆளைத் தேடித் தேடி எறிந்துகொண்டிருந்த குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன், அந்த ஆள் இல்லாததும் கண்ணில் பட்ட எல்லாருக்கும் பரிமாறினார். 13 வெற்றி, சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது.

நிறையப் பேரைச் சேர்த்த வாஷிங்டன்?

பாபி வாக்னர், ஸாக் எர்ட்ஸ், ஃபிராங்கி லுவு, டாண்டே ஃபௌலர் என்று பெரும்பாலும் அனுபவசாலிகளைக் குறுகிய ஒப்பந்தத்தில் அள்ளினார்கள். 4-13 என்று கிடந்த அணி 12-5 ஆகி அரையிறுதி வரை போனது. பாதிப் புண்ணியம் புது குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸுக்கு. மீதிப் பாதி, முப்பதைத் தாண்டியவர்களிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்று தெரிந்த பயிற்சியாளர்களுக்கு.

கடைசியாக ஒன்று. பார்க்லி சட்டையை என்ன செய்தீர்கள்?

என்னுடையது அலமாரியில் இருக்கிறது, நீலம், 26. அங்கேயும் அவருக்கு அதே 26தான், பச்சை. 2025 மார்ச்சில் ஈகிள்ஸ் அவருக்கு இன்னும் இரண்டு வருடம், 41.2 மில்லியன் கூட்டிக் கொடுத்தது, ரன்னிங் பேக் ஒருவருக்கு வருடம் 20 மில்லியனுக்கு மேல் போனது அதுதான் முதல் தடவை. அந்த வாரம் என் பையனுக்குப் பிறந்தநாள். எதிர் வீட்டு அண்ணன் ஒரு பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் பார்க்காமலே நிறம் தெரிந்துவிட்டது. பையன் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறான், துவைப்பது நான்.